162 ஆட்டங்களும் ஒரு சட்டி பீன்ஸும்

தோற்கும் அணியைக் கைவிடாத பேஸ்பால் ரசிகரும், பாலும் முட்டையும் இல்லாமல் அன்றாடம் சமைக்கும் வீட்டாரும் ஒரே உண்மையைத்தான் நிரூபிக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 2024 செப்டம்பர் 26 அன்று நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க 46,889 பேர் வந்திருந்தார்கள். உள்ளூர் அணியான அத்லெட்டிக்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்ற கணக்கில் வென்றது. வென்றாலும் தோற்றாலும் அந்த சீசனில் அதற்கு மேலே செல்ல வழியில்லை. முந்தைய ஆண்டு 162 ஆட்டங்களில் 112 ஆட்டங்களைக் கோட்டைவிட்ட அணி அது. போதாக்குறைக்கு, 1968 முதல் ஆடிவந்த ஊரைவிட்டே அதைக் கிளப்பிக்கொண்டு போக முதலாளி முடிவுசெய்திருந்தார். கொலிசியம் மைதானத்தில் அணியின் கடைசி ஆட்டம் அதுதான். கோப்பை இல்லை, நம்பிக்கை இல்லை, அடுத்த வருடம் அணியே இல்லை. பிறகு எதற்காக அத்தனை பேர் வந்தார்கள்? விடைகொடுக்கத்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒருநாள் விடைகொடுக்க மனம் வருவதற்கு, அதற்கு முன்னால் பல ஆண்டுப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் எப்படி உண்டாகிறது, எதனால் நிலைக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இதே ஊரின் இன்னொரு வழக்கத்தைப் பக்கத்தில் வைத்தால் விடை கொஞ்சம் துலங்கும். ஓக்லண்டில் வசிக்கும் சமையற்கலைஞர் பிரையன்ட் டெரி 2009-ல் ‘வீகன் சோல் கிச்சன்’ என்ற சமையல் நூலை வெளியிட்டார். நம் சைவச் சாப்பாட்டில் பாலும் தயிரும் நெய்யும் உண்டு. வீகன் சமையலில் அவற்றுக்கும் இடமில்லை, தேன்கூடக் கிடையாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சாப்பாடு என்றாலே பொரித்த கோழியும் பன்றி இறைச்சியும்தான் என்ற நினைப்பை டெரி மறுக்கிறார். காராமணி, காலர்ட் கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெண்டைக்காய், அரிசி என்று கொல்லையையும் வயலையும் நம்பிய வீட்டுச் சமையல் அந்த மக்களிடம் காலங்காலமாக இருந்தது என்பது அவர் வாதம். அதாவது, வீகன் உணவு என்பது பணக்காரர்களின் புதுமோகம் என்ற பேச்சுக்கு எதிராக, சாதாரண வீடுகளின் அடுப்பை அவர் சாட்சிக்கு அழைக்கிறார்.

அணியை விடாத ரசிகரும் இந்தச் சமையலை விடாத குடும்பமும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒட்டும் உறவும் இல்லாதவர்கள். ஒன்று பொழுதுபோக்கு, மற்றது கொள்கை. ஆனால் இரண்டும் எங்கே நிலைக்கின்றன, எங்கே அறுந்துபோகின்றன என்று பார்த்தால் காரணம் ஒன்றாகவே இருக்கிறது. ஆரம்ப சூரத்தனத்தை நம்பி இறங்கியவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதிகச் செலவு வைக்காத, ஒருநாள் தவறினாலும் மறுநாள் தொடரமுடிகிற, பக்கத்தில் நாலு பேர் துணையிருக்கிற அன்றாட வழக்கமாக ஆக்கிக்கொண்டவர்கள் விடுவதில்லை. மன உறுதி இருப்பதால் வழக்கம் வருகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறாக: வழக்கம் வந்தபின்தான் உறுதி வருகிறது.

தோல்வி பழகிய ஆட்டம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்தான் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும். ஏறக்குறைய அன்றாடம் ஓர் ஆட்டம். 162 ஆட்டங்கள் வந்தபிறகு ஒரே சீசனில் மிக அதிகமாக, 116 ஆட்டங்களில், வென்றது 2001-ன் சியாட்டில் மரைனர்ஸ். அந்த மகத்தான அணியே 46 முறை தோற்றது. பரிதாபமாக ஆடிய 2023-ன் ஓக்லண்ட் அணியும் 50 முறை வென்றது. பத்து முறை மட்டையைப் பிடித்து மூன்று முறை பந்தைச் சரியாக அடித்துத் தளத்தை எட்டுகிறவர் நல்ல பேட்டர் என்று கொண்டாடப்படுகிறார். ஏழு முறை தவறுவதைப் பொருட்படுத்தாத ஆட்டம் இது. ஆக, எந்த ரசிகரும் தோல்வியைத் தவிர்க்க முடியாது. நேற்றைய தோல்வியைப் பற்றிப் புலம்பி முடிப்பதற்குள் இன்றைய ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

வெற்றிதான் ரசிகர்களைப் பிடித்துவைக்கிறது என்றால் சிகாகோ கப்ஸ் அணிக்கு ரசிகர்களே மிஞ்சியிருக்கக் கூடாது. 1908-ல் சாம்பியன் ஆன அந்த அணி அடுத்த பட்டத்தை 2016-ல்தான் வென்றது. 108 வருடங்கள். இறுதித் தொடரில் கிளீவ்லண்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்து, நடுவில் மழைக்கு நின்று, 8-7 என்று முடிந்தது. அந்த நாட்களில் அணியின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவர்களில் மக்கள் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். தங்கள் பெயர்களை மட்டுமல்ல, இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தா, பாட்டியின் பெயர்களையும். பட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓர் ஆயுள் முழுக்க ரசிகராக இருந்தவர்கள் அவர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் 1918-க்குப் பிறகு 2004 வரை 86 வருடக் காத்திருப்பு. ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸ் 1985-க்குப் பிறகு 2023-ல்தான் ஜப்பான் சீரிஸை வென்றது.

இதற்கு உளவியலிலும் ஆதாரம் உண்டு. ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கல்லூரி ஃபுட்பால் அணி சனிக்கிழமை வென்றால், திங்கள்கிழமை அதன் சின்னம் போட்ட உடையில் வரும் மாணவர்கள் கூடுகிறார்கள். வென்றால் ‘நாம் ஜெயித்தோம்’, தோற்றால் ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று பேச்சும் மாறுகிறது. வெற்றியின் வெளிச்சத்தில் குளிர்காயும் மனம் எல்லோருக்கும் உண்டு என்பதை அது காட்டியது. பின்னர் டேனியல் வான், நைலா பிரான்ஸ்கூம் ஆகியோர் 1990-ல் செய்த ஆய்வு படத்தின் மறுபாதியைக் காட்டியது. அணியோடு ஆழமாக ஒன்றியவர்கள் தோல்விக்குப் பிறகு விலகி ஓடுவதில்லை. வான் பிற்காலத்தில் சேர்த்த சான்றுகள் இன்னும் சுவாரஸ்யமானவை: உள்ளூர் அணியோடு ஒன்றியவர்களிடம் தனிமையுணர்வு குறைவாக இருக்கிறது. அணி எத்தனை ஆட்டம் வென்றது என்பதைவிட, அதைப் பற்றிப் பேச எத்தனை பேர் கிடைக்கிறார்கள் என்பதே அங்கே முக்கியம்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. 1921 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் முதன்முதலாகப் பேஸ்பால் ஆட்டத்தை ரேடியோவில் ஒலிபரப்பியது. அன்றிலிருந்து இந்த விளையாட்டு காதால் கேட்கும் விளையாட்டாகவும் வளர்ந்தது. டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் பேசினார். புரூக்ளினிலிருந்து அணி லாஸ் ஏஞ்சலிஸ் வந்தபோது ஸ்கல்லியும் கூடவே வந்தார். மைதானத்துக்கு நேரில் போனவர்களும் டிரான்சிஸ்டரைக் காதருகே வைத்து அவரையே கேட்டார்கள். இத்தனை காலம் ஒரு குரல் வீட்டுக்குள் புழங்கினால் அது குடும்பத்தில் ஒன்றாகிவிடுகிறது. அணியின் பட்டியலில் வீரர்கள் வருவார்கள், போவார்கள். மாலை ஏழு மணிக் குரல் மட்டும் மாறாது.

அடுப்படியில் நடப்பது என்ன?

மாலை ஏழு மணி என்பது சமையல் நேரமும்கூட. இனி அடுப்பங்கரைக் கணக்கைப் பார்ப்போம். ஃபானலிட்டிக்ஸ் என்று இன்று அறியப்படும் ஆய்வமைப்பு 2014-ல் 11,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கருத்துக் கேட்டது. ஒரு காலத்தில் இறைச்சியை விட்டவர்களில் 84 சதவீதம் பேர் பிறகு பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டிருந்தார்கள். அப்படித் திரும்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. கவனிக்கவேண்டிய இன்னொரு சங்கதி, திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு இதே வழியில் போகும் கூட்டாளிகளோ குழுவோ இல்லை. கூட்டத்திலிருந்து தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவது பிடிக்கவில்லை என்றும் பலர் சொன்னார்கள். கொள்கையில் நம்பிக்கை போனதால் விட்டவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் மறுபடி முயன்று பார்க்க விருப்பம் தெரிவித்தார்கள்.

காரணம் தெரிகிறது, ஆசை இருக்கிறது, ஆனால் நிலைக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப உணவு நிறுவனங்கள் ஒரு வழி சொல்லின. மாட்டிறைச்சி போலவே தோன்றும், சுவைக்கும் தாவர பர்கரைத் தந்துவிட்டால் யாரும் எதையும் இழக்கவேண்டியதில்லை என்றார்கள். பியாண்ட் மீட் நிறுவனம் 2019 மே மாதம் 25 டாலருக்குப் பங்குகளை வெளியிட்டது. ஜூலைக்குள் விலை 200 டாலரைத் தாண்டியது. 2024-ல் அதே பங்கு 10 டாலருக்கும் கீழே கிடந்தது. அமெரிக்கக் கடைகளில் இறைச்சி மாற்றுகளின் விற்பனை 2021 முதல் இறங்குமுகம். ஒருமுறை வாங்கிப் பார்க்கும் ஆவல் இருந்தது. வாராவாரம் வாங்கும் வழக்கம் அமையவில்லை. பர்கர் நன்றாக இல்லை என்பதல்ல பிரச்சினை. திருவிழாச் சரக்கை அன்றாடச் சாப்பாட்டின் இடத்தில் உட்காரவைக்கப் பார்த்ததுதான் பிரச்சினை.

அன்றாடச் சாப்பாடு எப்படியிருக்கும்? ஒரு சட்டி கறுப்பு பீன்ஸை எடுத்துக்கொள்வோம். முந்தின இரவு ஊறப்போட்டதைத் தண்ணீர் வடித்து அடுப்பில் ஏற்றவேண்டும். வெங்காயம், பூண்டு, சீரகம், ஒரு காய்ந்த மிளகாய். எண்ணெயில் வதக்கிச் சேர்த்துவிட்டுத் தீயைக் குறைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தானாகக் கொதிக்கும். இடையிடையே கிளறுவதைத் தவிர வேறு வேலையில்லை. பேஸ்பாலில் ஒவ்வோர் அரை இன்னிங்ஸுக்கும் நடுவே இரண்டு நிமிட இடைவேளை வரும்; கிளற அது போதும். பந்துவீச நேரக் கெடு வைத்தபிறகு, 2023-ல் ஓர் ஆட்டத்தின் சராசரி நேரம் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அது முடிவதற்குள் பீன்ஸ் குழைந்து, உப்பு பிடித்து, எலுமிச்சை பிழிந்து சோற்றோடு தட்டுக்கு வந்துவிடும். மறுநாள் அதையே சோள ரொட்டியில் வைத்துச் சுருட்டலாம். மூன்றாம் நாள் தக்காளி சேர்த்து சூப்பாக்கலாம். பார்த்து வியக்க இதில் எதுவும் இல்லை. அதனால்தான் இது வாரத்துக்கு வாரம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

திரும்பத் திரும்பச் செய்வதன் பலத்தை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக்கொண்டு செய்த ஆய்வில், சாப்பாடு, பானம், உடற்பயிற்சி என்று ஆளுக்கொரு புதிய செயலைத் தினமும் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அது யோசிக்காமலே செய்யும் வழக்கமாக மாற நடுவளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 நாட்கள் வரை. ஆய்வின் மிக உதவியான முடிவு வேறொன்று. நடுவில் ஒருநாள் தவறியது வழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 162 ஆட்டங்களின் தத்துவமும் இதுதானே? ஒரு தோல்வியால் சீசன் முடிந்துவிடுவதில்லை. உறவினர் வீட்டில் ஒருநாள் கேக்கில் வெண்ணெய் இருந்தது என்பதற்காக எல்லாவற்றையும் கைவிடுகிறவர், ஓர் ஆட்டம் தோற்றதும் அணிச் சட்டையைக் கழற்றி எறிகிற ரசிகரைப் போலத்தான் கணக்குப் போடுகிறார்.

எதிர்வாதங்கள்

முதல் ஆட்சேபம் நியாயமானது. விலங்குகளின் உயிர், சுற்றுச்சூழல் என்று பெரிய காரணங்களுக்காகச் செய்யும் செயலைப் பந்தாட்ட ரசனையோடு ஒப்பிடலாமா? காரணங்கள் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் ஆகியோர் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைக் கொண்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய கால் பங்கு உணவுத் துறையிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டது. விலங்கு உணவை விட்டால் உணவுக்கான நிலத் தேவை முக்கால் பங்கு குறையும் என்றும் சொன்னது. இப்படிப்பட்ட கனமான காரணம் கப்ஸ் ரசிகருக்குக் கிடையாது. ஆனால் காரணம் ஒருவரைத் தொடங்கத்தான் வைக்கும். தொடரவைப்பது வேறு. 84 சதவீதம் பேர் திரும்பிப்போனதை வேறெப்படி விளங்கிக்கொள்வது? காரணம் ஏதுமில்லாமலே 108 வருடம் தொடர்ந்தவர்களிடமிருந்து, நல்ல காரணம் இருந்தும் மூன்று மாதத்தில் விட்டவர்கள் கற்க ஏதோ இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இந்த ஆட்டத்தின் பொருளிலேயே இருக்கிறது. பேஸ்பால் பந்தின் உள்ளே தக்கையும் ரப்பரும், அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், வெளியே மாட்டுத்தோல். 1974-க்கு முன்பு குதிரைத்தோல். கோஸ்டா ரிகாவில் கையாலேயே தைக்கும் 108 இரட்டைத் தையல்கள் அந்தத் தோலைப் பிடித்து நிறுத்துகின்றன. கையுறையும் தோல்தான். வீகன் ஒருவர் இதை எப்படி ரசிக்கலாம்? டொனால்ட் வாட்சன் முதலானோர் 1944-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி இன்று தரும் விளக்கத்திலேயே இதற்குப் பதில் உண்டு. முடிந்த அளவு, நடைமுறைக்கு இயன்ற அளவு விலங்குச் சுரண்டலைத் தவிர்ப்பதையே அது கேட்கிறது. பந்தைத் தைக்கும் பொருளை ரசிகர் தீர்மானிப்பதில்லை. இரவுச் சாப்பாட்டை அவர்தான் தீர்மானிக்கிறார். அதற்காகப் பந்தைப் பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது என்றில்லை. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முழுத்தூய்மை இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்பது கைவிடுவதற்கான சாக்காகத்தான் முடிகிறது.

மூன்றாவது, வசதி பற்றியது. இதெல்லாம் நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மார்கோ ஸ்பிரிங்மன் குழு 2021-ல் 150 நாடுகளின் விலைகளை ஒப்பிட்டது. பணக்கார நாடுகளில் வீகன் உணவுக்கு வழக்கமான உணவைவிட மூன்றில் ஒரு பங்கு வரை செலவு குறையும் என்று கண்டது. ஏழை நாடுகளில் இந்த அனுகூலம் இன்னும் இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. கவனிக்கவேண்டியது, அந்தக் கணக்கில் தொழிற்சாலை இறைச்சி மாற்றுகளும் உணவகச் சாப்பாடும் சேராது. பருப்பு, பீன்ஸ், தானியம், காய்கறி மட்டும். எளிமைதான் மலிவு. ஆனால் மலிவான காய்கறியும் அருகில் ஒரு கடை இருந்தால்தானே கிடைக்கும்? நல்ல மளிகைக்கடை இல்லாமல் நெடுங்காலம் தவித்த பகுதி மேற்கு ஓக்லண்ட். அங்கே தொழிலாளர்களே உரிமையாளர்களாக 2009-ல் மண்டேலா கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். தனிமனித உறுதியை மட்டும் பேசுவது போதாது என்பதற்கு அந்தக் கடை சாட்சி. வழக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

நான்காவதுதான் கடினமானது: விசுவாசம் குருட்டுத்தனமாகிவிடாதா? ஆகலாம். முதலாளிகள் ரசிகர்களின் பற்றைப் பணமாக்குகிறார்கள் என்பதற்கு ஓக்லண்டைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் அங்கே ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2023 ஜூன் 13 அன்று, சராசரிக் கூட்டம் பத்தாயிரத்தை ஒட்டியிருந்த சீசனில், 27,759 பேர் திட்டமிட்டு மைதானத்தை நிரப்பினார்கள். ‘விற்றுவிடு’ என்று அச்சிட்ட பச்சைச் சட்டைகளோடு, அணிக்குக் கைதட்டியபடியே முதலாளிக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். எதிர்ப்பு பலிக்கவில்லை, அதே வாரம் நெவாடா மாநிலம் அணிக்காக லாஸ் வேகஸில் கட்டவிருந்த மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2024-ல் ஓக்லண்ட் பாலர்ஸ் என்ற சிறிய தனி லீக் அணி மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பூங்காவில் ஆடத் தொடங்கியது. ரசிகர்களும் அதில் பங்கு வாங்கினார்கள். 2025-ல் அது தன் லீக்கின் பட்டத்தையும் வென்றது. அவர்களுடைய பற்று நிறுவனத்தின் மேல் இருந்திருந்தால் அது நிறுவனத்தோடு வண்டியேறிப் போயிருக்கும்.

சமையலுக்கும் இதே விதி. பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆகவேண்டும். நன்கு திட்டமிட்ட வீகன் உணவு ஆரோக்கியமானது என்று 2016-ல் நிலைப்பாடு எடுத்த அமெரிக்க உணவியல் நிபுணர்கள் சங்கம் ‘நன்கு திட்டமிட்ட’ என்ற நிபந்தனையைச் சும்மா போடவில்லை. கொள்கைப் பற்றின் பெயரால் இதை மறுப்பவர், அணிப் பற்றின் பெயரால் முதலாளியைக் கேள்வி கேட்காத ரசிகருக்குச் சமம். திருத்தத்தை ஏற்கிற பற்றுதான் நீடிக்கத் தகுதியுள்ளது.

இவையெல்லாம் நடைமுறையில் சில எளிய முடிவுகளுக்குக் கொண்டுவிடுகின்றன. மாற நினைப்பவர் உலகத்தை மாற்றும் அறிவிப்போடு தொடங்காமல், வாரத்தில் இன்ன நாள் இன்ன பருப்பு என்று தொடங்கலாம். தவறிய நாளைக் குற்றப்பட்டியலில் சேர்க்காமல் மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கலாம். கூடச் சாப்பிட ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளலாம். பிரச்சாரம் செய்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு: புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுவதைவிட, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடமும் இருக்கிறார்கள் என்று எண்ணுவதே உருப்படியான கணக்கு. லீக் முதலாளிகளுக்கும் அதே கணக்கைத்தான் சொல்லவேண்டும். பட்டம் வென்ற வருடத்துக் கூட்டத்தை விளம்பரம் சேர்த்துவிடும். 112 தோல்விக்குப் பிறகும் வருகிற கூட்டத்தை ஓர் ஊர் பல பத்தாண்டுகளில்தான் வளர்த்தெடுக்க முடியும். புது மைதானம் கட்டிக் கொடுத்து அதை வாங்கிவிட முடியாது.